தோலைச் சோதிக்கும் ஆன்டிபாடி

டெல்லியில் முனிர்காவை ஒட்டி, ஜேஎன்யூ பக்கமாக அருணா ஆசஃப் அலி சாலையில் போனால் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் வரும். 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. முதல் இயக்குநர் ஜி.பி. தல்வார். ஆன்டிபாடி ஆராய்ச்சி அங்கே அன்றாட வேலை. சில கிலோமீட்டர் தள்ளி, பெரிய தீக்காயப் பிரிவு கொண்ட சஃப்தர்ஜங் மருத்துவமனை. அங்கே 2023இல் தோல் வங்கியும் திறந்தார்கள். கிருமியோடு சண்டை போடும் ஆன்டிபாடிக்குத் தோல் விஷயத்தில் என்ன வேலை? தோல் நல்ல தோல்தானா என்று சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை.

தீக்காயம் ஆழமாக இறங்கிவிட்டால் தோல் தானாக மூடாது. நோயாளியின் உடம்பிலிருந்தே மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். முக்கால்வாசி உடம்பு வெந்தவரிடம் சீவ எங்கே இருக்கிறது? தானமாக வந்த தோல் கொஞ்ச நாள் காயத்தைக் காக்கும். பிறகு உடல் அதை ஒதுக்கிவிடும். நிலையான தீர்வுக்கு, அவருடைய செல்களையே வளர்த்துத் தோலாக்க வேண்டும். அந்த வழியை 1975இல் அமெரிக்காவில் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் காட்டினார்கள். அதே ஆண்டில்தான் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். வளர்த்த தோலும் அதைச் சோதிக்கும் கருவியும் ஒரே வயதுக்காரர்கள்.

தட்டில் வளர்ந்த படலம் பார்வைக்குத் தோல்போலவே இருக்கும். ஆனால் தோல் என்பது அடுக்கு. அடியில் இருக்கும் செல்கள் கெரட்டின்-14 என்ற புரதத்தைச் செய்யும். அவை பிரிந்து மேலே நகரும்போது கெரட்டின்-10க்கு மாறும். உச்சியை நெருங்கும்போது இன்வலூக்ரின், ஃபிலாக்ரின். எந்தப் புரதம் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே உயிர்நாடி.

அதைப் பார்க்கும் விதம் இது. தோல் துண்டை உறையவைத்து ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார்கள். மேலே ஒரு சொட்டு ஆன்டிபாடி. ஒரு மணி நேரம் கழித்து உப்புக் கரைசலில் கழுவ, இலக்கைப் பிடித்தவை மட்டும் தங்கும். அடுத்து, அந்த ஆன்டிபாடியையே பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி. அதன் முதுகில் ஒளிரும் சாயம். நுண்ணோக்கியில் பார்த்தால், கெரட்டின்-14 இருக்கும் அடியடுக்கு கருப்புப் பின்னணியில் பச்சைப் பட்டையாக எரியும். பட்டை மேல்வரை பரவியிருந்தால் செல்கள் முதிரவில்லை என்று பொருள்.

கெரட்டின்-16 இன்னொரு துப்பு. உள்ளங்கை, உள்ளங்கால், மயிர்க்கால் போன்ற இடங்களைத் தவிர, ஆரோக்கியமான மேல்தோலில் அது அநேகமாகத் தெரியாது. காயம் பட்டால் தலைகாட்டும். வளர்த்த தோலில் அது மண்டிக் கிடந்தால், அந்தத் தோல் இன்னும் காயம்பட்ட நிலையிலேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லையைத்தான். அங்கே லேமினின்-332 என்ற புரதம் இருக்க வேண்டும். கொலாஜன்-7 கொக்கிபோல் மாட்டிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய தோல் லேசாக உரசினாலே கொப்புளித்து உரியும். லேமினின்-332 சரியாக உருவாகாத மரபணுக் கோளாறால் தோலின் பெரும்பகுதியை இழந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, 2015இல் ஜெர்மனியின் போகும் நகரில், மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலை ஒட்டினார்கள். உடம்பின் 80 சதவீதத்துக்கு! பின்னர் எடுத்த மாதிரிகளில் ஆன்டிபாடி இட்டபோது, முன்பு அநேகமாக இல்லாதிருந்த லேமினின் எல்லைக்கோட்டில் ஒளிர்ந்தது.

ஆன்டிபாடியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வேறு புரதத்தைப் பிடித்துப் பொய்யாக ஒளிர்பவை உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் முதல் ஆன்டிபாடி இடாத ஒரு ஸ்லைடும், நல்ல தோலின் ஸ்லைடு ஒன்றும் கூடவே ஓட வேண்டும். கேள்வியும் தோலுக்குத் தோல் மாறும். கிளிசராலில் பதப்படுத்திய தானத்தோலில் செல்கள் உயிரோடு இருக்காது. அதில் செல் பிரிகிறதா என்று தேடுவது வீண். கொலாஜன் சட்டகம் சிதையாமல் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குப் புதிதாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. உறையவைத்துச் சீவும் கருவியும் ஒளிர் நுண்ணோக்கியும், சிறுநீரக பயாப்சிக்காகவும் கொப்புள நோய்களுக்காகவும் பெரிய மருத்துவமனைகளின் நோயியல் துறைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் வளர்க்கும் ஒவ்வொரு தொகுதித் தோலிலிருந்தும் ஓரமாக ஒரு துண்டு, நோயாளிக்கு ஒட்டுவதற்கு முன்பே அங்கே போக வேண்டும்.