உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டுக்குள் பாடம்

● ஸ்கோர்போர்டில் 4.3 ஓவர் என்று இருந்தால் அது நாலரை ஓவர். புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 3, ஆறு பந்தில் மூன்று. நாலரை ஓவரில் 27 ரன் கொடுத்தவரின் எகானமி 6. அதையே கால்குலேட்டரில் 27-ஐ 4.3-ஆல் வகுத்துப் பாருங்கள், 6.28 என்று தப்பாக வரும். ஏன் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். தெருமுனையில் ஸ்கோர் எழுதிப் பழகிய பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்துவிட்டால், 2 மணி 45 நிமிடம் ஏன் 2.45 மணி ஆகாது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

● கிரிக்கெட் பிட்சின் நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. பிரிட்டிஷார் நிலம் அளந்த கன்டர் சங்கிலியின் நீளமும் அதேதான். ஸ்டம்புக்கு ஸ்டம்பு உள்ள தூரத்தை ஒரு பக்கமாக வைத்துச் சதுரம் போட்டால் 4,356 சதுர அடி. மிகச் சரியாக 10 சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தால் ஓர் ஏக்கர். வீட்டுப் பத்திரத்தில் எழுதியிருக்கும் சென்ட்டைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

● 400 மீட்டர் ஓட்டத்தில் வெளி லேன்காரர் ஏன் முன்னால் நிற்கிறார்? லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே போனால் வளைவின் ஆரம் அவ்வளவு கூடுகிறது. முழுச் சுற்றுக்கு 2 × π × 1.22, ஏறத்தாழ 7.67 மீட்டர் கூடுதல் தூரம். (முதல் லேனை உள்விளிம்புத் தடுப்பிலிருந்து 30 செ.மீ., மற்றவற்றைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பதால் இரண்டாம் லேனுக்கு மட்டும் 7.04.) இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, மைதானத்தின் அளவு இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பது. லேன் அகலம் மாறாதவரை, 200 மீட்டர் சுற்றுள்ள பள்ளி மைதானத்திலும் ஒரு முழுச் சுற்றுக்கு அதே 7.67 மீட்டர்தான். விளையாட்டு விழாவுக்கு பி.டி. சார் சுண்ணாம்புக் கோடு போடும்போது, கணக்கு டீச்சர் தன் வகுப்பை டேப்போடு அழைத்துப் போகலாம். பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்குப் பீரியடை மைதானத்துக்குக் கொண்டுபோவதில் முழு உடன்பாடு.

● தைத்த பழைய கால்பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம், 60 முனைகள். 1985-இல் கண்டறியப்பட்ட, 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுக்கும் அதே வடிவம்.

● 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் நம் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். பழைய உலக சாதனையைவிட அது 55 செ.மீ. அதிகம். பின்காற்றோடு, உடலைக் குறைவாகத் தடுக்கும் மெலிந்த காற்றும் ஓரளவு கைகொடுத்தது. அதே காற்றில் ஆக்சிஜன் போதாமல் 10,000 மீட்டர் ஓடியவர்கள் திணறினார்கள். அந்தத் தூரத்தின் உலக சாதனையாளர் ரான் கிளார்க் ஓடி முடித்ததும் சுருண்டு விழுந்தார். ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது பிள்ளைகள் அங்கே ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும், நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டு.

● கபடியில் ரெய்டு போகும் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறதே, அதற்கு முதல் காரணம் ஆக்சிஜன் தீர்ந்துபோவது அன்று. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதை மூளை கவனித்து, ‘மூச்சை இழு’ என்று விரட்டுகிறது. சுவாச மண்டலப் பாடத்தை இந்த இடத்தில் தொடங்கினால் வகுப்பே காதுகொடுக்கும்.

● 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வங்கர் பாலு, இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், தலித். புனேயில் சக ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே, தனி மண் குவளையில் கொடுத்தார்கள். களத்தில் அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள்தான் அவர்கள். தீண்டாமை பற்றிய சமூக அறிவியல் பாடத்தில் இந்தப் பெயர் இருந்தால், கிரிக்கெட் ஆடும் எந்தப் பிள்ளையும் அதை மறக்காது.

● கட்டுரை எழுத உட்கார்ந்தால் நாலு வரியைத் தாண்டாத பிள்ளை, மேட்ச் முடிந்து வந்து கடைசி ஓவரைச் சொல்லும்போது கவனியுங்கள். எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்தி ஏங்க வைப்பது, எல்லாம் தானாக வரும். அதை போனில் பதிவுசெய்து, கேட்டு எழுதச் சொல்லுங்கள். வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணித்தபோது படமே இல்லாமல் ஆட்டம் ‘பார்த்த’ தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது; தாத்தா பாட்டியிடம் அதைக் கேட்கலாம். பிறகு டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டு ஓவரைப் பிள்ளையே வர்ணிக்கட்டும். எந்தச் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறதோ, அந்தச் சொல்லிலிருந்து மறுநாள் தமிழ்ப் பாடத்தைத் தொடங்கலாம்.