கரு தங்க, கருப்பையும் தயாராக வேண்டும்

நம் தொலைக்காட்சி அரங்கில் ஜொகூர் பாரு சகோதரி ஒருவர் கேட்டார்: "கருதான் உருவாகி உறைநிலையில் இருக்கிறதே, அதைக் கருப்பையில் வைக்க ஏன் இத்தனை மருந்து?"

நேயர்களே, முதலில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஸ்கேனில் சுமார் 7 மில்லிமீட்டர் கண்டதும், கருவை ஏற்கும் பக்குவம் தர புரோஜெஸ்டரோன் சேர்க்கப்படுகிறது. இயற்கையில், முட்டை வெளியான சினைப்பையே அதைச் சுரக்கும். மருந்துவழித் தயாரிப்பில் முட்டை வெளியாவதில்லை. எனவே மருந்தே துணை. சினைப்பை செயலிழந்த பெண் ஒருவர்கூட, தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவை இம்மருந்துகளின் துணையோடு சுமந்து, 1983-இல் மெல்பர்னில் தாயானார்.

கரு தங்கினால், நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை, பெரும்பாலும் கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரம் வரை, மருந்து தொடரும். ஆகவே, சிறிது உதிரம் பட்டதும் 'எல்லாம் போயிற்று' என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே நிறுத்தினால், தங்கிய கருவும் கலையலாம். முதலில் மருத்துவரை அழையுங்கள்.