கேபிள், டிஷ், ஆன்டெனா: எது கைவிடாது?

"தம்பி, கேபிளை எடுத்துவிட்டு டிஷ் போட்டுவிடலாமா? நீதான் கம்ப்யூட்டர் படித்தவன் ஆயிற்றே, சொல்லு" என்று போன மாதம் அப்பா போனில் கேட்டார்.

சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வீட்டில் இந்தத் தொல்லை உண்டு. மிக்சி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அப்பா கேட்ட கேள்வியை அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை. காரணம், 2018 நவம்பர் 15-ஆம் தேதி இரவு.

எங்கள் ஊர் முத்துப்பேட்டை பக்கம். அன்று கஜா புயல் வந்துகொண்டிருந்தது. நான் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஊரில் மாலையே கரண்ட் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் டிவி ஓடியது. ஆனால் கேபிள் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் செய்தி பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கே டிஷ். மழை வலுத்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. காற்று ஏறியதும் டிஷ்ஷே திரும்பிக்கொண்டது.

நள்ளிரவு தாண்டிப் புயல் கரையைக் கடந்தது. ஒரு கட்டத்தில் காற்று சட்டென்று ஓய்ந்தது. "முடிந்துவிட்டது" என்று அப்பா மாட்டுக் கொட்டகைக்குக் கிளம்பினார். அப்போது தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டரில் திருச்சி வானொலி கேட்டுக்கொண்டிருந்தது. புயலின் கண் கடக்கும்போது காற்று நிற்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும், வெளியே வராதீர்கள் என்று அதில் சொன்னார்கள். அம்மா அப்பாவைத் தடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வந்து கொட்டகைக் கூரையைப் பிய்த்துப் போட்டது.

ஆகவே எது நல்ல டிவி சேவை என்ற கேள்விக்கு, சேனல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. சிக்னல் எந்த வழியாக வருகிறது? வழியில் எங்கே அறுபடும்? அறுந்தால் யார் சரிசெய்வது? இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஆன்டெனா: எளிமையான வழி

சென்னையில் டிவி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. டவரிலிருந்து வரும் அலையை மொட்டைமாடி ஆன்டெனா பிடிக்கும். நடுவில் வயர் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கையின் ரூபவாகினியும் பார்த்தார்கள். சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். ஆனாலும் குரல் கேட்கும், ஓரளவு படமும் தெரியும்.

இப்போது அந்தக் காலம் முடிந்துவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 டிரான்ஸ்மிட்டர்கள் தவிர, மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைத் தூர்தர்ஷன் 2022-க்குள் நிறுத்துவதாக அறிவித்து மூடியது. 2016-இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அது வீடுகளில் பெரிதாகப் பரவவில்லை. எனவே யாராவது "ஆன்டெனா போட்டால் எல்லா சேனலும் இலவசம்" என்று விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

கேபிள்: தெருவின் கரண்டையும் பாருங்கள்

கேபிள் டிவியும் சாட்டிலைட்டிலிருந்துதான் வருகிறது. கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பெரிய டிஷ்கள் இருக்கும். அவை பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான சி பேண்ட் அலைகளைப் பிடிக்கின்றன. இந்த அலைகளை மழை அதிகம் பாதிப்பதில்லை. அதனால்தான் சாதாரண மழையில் டிஷ் வீட்டில் படம் நின்றாலும் கேபிள் வீட்டில் ஓடுகிறது.

கேபிளின் பலவீனம் தெருவில் இருக்கிறது. அறையிலிருந்து ஃபைபரில் வரும் சிக்னல், தெருமுனைப் பெட்டியில் சாதாரண கேபிள் வயருக்கு மாறுகிறது. வழியில் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. அவற்றுக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் தெருவில் கரண்ட் இல்லையென்றால் கேபிள் வராது. அன்று எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். வயர் மின்கம்பத்தில் தொங்குவதால் கம்பம் சாய்ந்தால் வயரும் போயிற்று. எங்கள் தெருவுக்குக் கேபிள் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஆனால் ஒரு பெரிய நன்மை உண்டு. கேபிள்காரர் உள்ளூர் ஆள். "அண்ணே, படம் வரலை" என்று ஒரு போன் போட்டால் பெரும்பாலும் அன்றே ஏணியோடு வந்துவிடுவார்.

டிஷ்: நடுவில் வயர் இல்லை, மழை உண்டு

டிடிஎச் சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. நம் சிறிய டிஷ் பிடிப்பது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கேயூ பேண்ட் அலைகளை. கனமழையின் துளிகள் இவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மேகம் விலகியதும் படம் தானாக வந்துவிடும். இதற்காக டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

டிஷ்ஷின் நன்மை, உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தால் போதும் என்பது. தெரு முழுவதும் இருட்டாக இருந்தாலும் இன்வெர்ட்டரில் படம் பார்க்கலாம். ஆனால் மேலே கோளாறு என்றால் யாராலும் ஏணி போட முடியாது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி சாட்டிலைட்டின் மின்சப்ளையில் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த டிடிஎச் சேவை தடைப்பட்டது. வேறு சாட்டிலைட்டுக்கு மாறியபோது வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது.

மாதக் கட்டணம் வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் உண்டு. பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை செலவு செய்தால் போதும். டிடி தமிழ் கிடைக்கும். ஆனால் பிரபலமான தனியார் தமிழ் சேனல்கள் பெரும்பாலும் இருக்காது.

கேபிள், டிஷ் இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லையும் உண்டு. மார்ச்சை ஒட்டியும், செப்டம்பர், அக்டோபரிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும். அப்போது படம் தடுமாறினால் அது கோளாறு அல்ல.

கோளாறு எங்கே? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கம்ப்யூட்டரில் நெட் வரவில்லையென்றால் முதலில் வயர், பிறகு மோடம் என்று படிப்படியாகப் பார்ப்போம் அல்லவா? டிவிக்கும் அதே முறைதான்.

1. செட் டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் விவரம் பாருங்கள். ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது சத்தம், குவாலிட்டி என்பது தெளிவு. திருவிழா ஒலிபெருக்கியில் சத்தம் காதைப் பிளக்கும், ஒரு வார்த்தையும் புரியாதே, அதுபோல ஸ்ட்ரெங்த் இருந்தும் குவாலிட்டி இல்லையென்றால் படம் வராது. படம் நன்றாக வரும் நாளில் இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

2. கேபிள் வீடுகளில் ஸ்பிளிட்டரைப் பாருங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு ஸ்பிளிட்டரும் சிக்னலைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். அதைக் கழற்றி நேராகக் கொடுத்தால் படம் வருகிறதா? அப்படியானால் குற்றம் தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான்.

3. டிஷ்ஷில் சில சேனல்கள் வந்து சில மட்டும் வரவில்லையா? பாக்ஸ் அதே வயர் வழியாக டிஷ்ஷின் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, செங்குத்து அலையா கிடைமட்ட அலையா என்று தேர்வு செய்கிறது. கனெக்டர் துருப்பிடித்து வோல்டேஜ் குறைந்தால் ஒரு வகை சேனல்கள் மட்டும் போய்விடும். பாக்ஸை அணைத்துவிட்டு கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

4. இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போக வேண்டாம். மின்கம்பத்தில் உள்ள கேபிளைத் தொடவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

செட் டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐ வயரால் கம்ப்யூட்டர் மானிட்டரில் இணைக்கலாம். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் சத்தத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆனால் லேப்டாப்பில் இது நடக்காது. லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ பொதுவாகப் படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. புது லேப்டாப் வாங்கிய பலர் பாக்ஸை அதில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று குழம்புகிறார்கள்.

"நெட்டில் பார்த்துக்கொள்கிறேன், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் உங்கள் பிராட்பேண்டும் அதே கேபிள்காரரிடம், அதே கம்பத்தின் வழியாக வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் இரண்டும் ஒன்றாகத்தான் அறும். ஒரே ஹார்ட் டிஸ்கில் இரண்டு காப்பி வைத்துவிட்டு அதைப் பேக்கப் என்று சொல்வது போலத்தான் இதுவும்.

அப்பாவுக்கு என்ன சொன்னேன்?

நகரத்தில், கம்பங்கள் உறுதியாக உள்ள இடத்தில், கேபிள்காரர் கூப்பிட்டதும் வருவார் என்றால் கேபிளே போதும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிஷ் நல்லது. எங்கள் ஊர் போன்ற புயல் பாதையில் எந்த ஒன்றையும் மட்டும் நம்பக் கூடாது.

கேபிளை எடுக்க வேண்டாம் என்றேன். அம்மா பார்க்கும் சேனல்கள் அதில்தான் உள்ளன. கூடவே ஒரு ஃப்ரீ டிஷ் வாங்கி, நான்கு போல்ட்டுகளும் கான்கிரீட்டில் இறங்கும்படி மாடியில் பொருத்தச் சொன்னேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நானே சிக்னல் குவாலிட்டியைப் பார்த்து, எண்ணைப் பாக்ஸின் மேல் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

"அப்படியானால் அந்த ரேடியோ?" என்றார் அப்பா.

அதற்கு நான்கு புது பேட்டரி வாங்கி, ரேடியோவுக்குள் போடாமல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உள்ளே போட்டு வைத்தால் கசிந்து கெட்டுவிடும். உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு ரேடியோ இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் எடுத்து ஒருமுறை பாட வைத்துப் பாருங்கள்.