விரல் அறியும் உருவம்

காரைக்குடிப் பழம்பொருள் கடையொன்றில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் சிற்றுருவம் பதிந்த பழைய ஐந்து ரூபாய்த் தாளைக் கண்டேன். 1938-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட முதல் தாள் அவ்வகையே. இன்று அவ்விடத்தில் காந்தியடிகள் இருக்கிறார்.

100, 200, 500 ரூபாய்த் தாள்களில் அவருருவம் செதுக்கு அச்சில் பதிக்கப்படுகிறது. உலோகத் தகட்டில் கோடுகளைப் பள்ளமாக்கி, மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, பேரழுத்தத்தில் தாளை ஒற்றுவார்கள். பள்ளத்து மை தாளில் மேடாக எழும். தடவினால் விரலுக்குத் தெரியும். சாதாரண நகலெடுப்பில் அந்த மேடு வராது.

வங்கியில் பிடிபடும் கள்ளத் தாளுக்கு ஈடு கிடையாது, இழப்பு கொண்டுவந்தவருக்கே. சந்தையில் கீரை விற்பவருக்கு 500 ரூபாய் சிறு தொகையன்று. கசங்கிய தாளில் மேடு தேய்ந்திருக்கலாம். அப்போது நீர்க்குறியையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணத்தின் மீதான நம்பிக்கையைக் கடைசியில் காப்பது வாங்குபவரின் விரல்நுனியே.