வாதத்தாற் கோணிய பாதமும் அறுவை மருத்துவமும்

26 எலும்புகள் ஒன்றோடொன்று இயைந்து நம் உடற்பாரத்தைத் தாங்கும் அரிய உறுப்புப் பாதமாகும். அதனை முடக்குவாதம் எங்ஙனம் கோணச் செய்கின்றது, அறுவை மருத்துவர் எங்ஙனம் சீர்ப்படுத்துகின்றனர் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

1859-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஆல்பிரட் காரட் ‘ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ்’ எனப் பெயரிட்ட இந்நோயில், உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே மூட்டுக்களின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குகின்றது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல்வது இது! வீங்கிய சவ்வு குருத்தெலும்பை அரிக்கின்றது; மூட்டைப் பிணிக்கும் நார்களும் தளர்கின்றன. அதனாற் பெருவிரல் மற்றை விரல்களின்பாற் சாய்கின்றது. அவ்விரல்கள் தம் மூட்டினின்றும் மேல்நோக்கி விலகி, பறவையின் உகிர்போல் வளைகின்றன. விரல்களைத் தாங்கும் எலும்புகளின் தலைகள் தாழ்ந்து உள்ளங்காலைக் குத்துகின்றன. மெத்தைபோல் நின்ற கொழுப்போ முன்னே நழுவிவிடுகின்றது. நோயாளி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் பரற்கற்களின்மேல் நடப்பதுபோலாகின்றது.

மருந்தும், முகப்பு அகன்ற காலணியும், மெத்தென்ற உள்ளடியும் பயன்படாதபோதே கத்தி வேண்டப்படும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோணிய விரல்களைத் திருத்துதற்பொருட்டு எலும்புத் தலைகளை அறுத்து நீக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஹாப்மன் வெளியிட்டார். அது பின்னர் வாதநோயாளர்க்குப் பெரிதும் உதவிற்று. பெருவிரலையோ நேராக நிறுத்தி, திருகாணிகளாலும் தகட்டாலும் பிணித்து, மூட்டின் இருபுறத்தெலும்பும் ஒன்றாய் வளரச் செய்வர். பாதத்தின் பின்பகுதி சரிந்தால், கணுக்காலின் கீழுள்ள மூன்று மூட்டுக்களையும் இவ்வாறே இணைப்பதுண்டு.

‘அசைதற்கு அமைந்த மூட்டை அசையாமற் செய்தல் முறையோ?’ என ஐயுறுவார் உளர். சிதைந்த மூட்டின் அசைவு நடைக்கு உதவாது, நோவையே விளைப்பதாம். நேராய் உறுதிபெற்ற விரலோ உடற்பாரத்தைத் தாங்கி, அடியெடுத்து வைக்கத் துணைசெய்யும். ஆதலின் மூட்டின் அசைவை ஈந்து மனிதனின் நடையை மீட்பதே இம்முறையின் உட்கருத்தாகும்.

எனினும் இடர் இல்லாமலில்லை. நோயாலும் மருந்தாலும் புண் ஆறுதல் தாழ்க்கலாம். கழுத்தெலும்புகளையும் இந்நோய் தளர்த்துமாதலின், மயக்கமருந்து கொடுக்குமுன் அவற்றையும் ஆராய்வர்.

மெதோட்ரெக்சேட் முதலிய மருந்துகள் பரவியபின் மூட்டுக்கள் முன்போல் விரைந்து சிதைவதில்லை. அதனால் எலும்புத் தலையை நீக்காது, எலும்பைச் சற்றே குறுக்கி மூட்டைக் காக்கும் முறையும் இன்று கையாளப்படுகின்றது. ஆகவே, காலைப்பொழுதில் மூட்டுக்கள் நெடுநேரம் விறைத்து வீங்கக் காண்போர், அதனை முதுமையின் இயல்பென்று விடாது, மருத்துவரை விரைந்து நாடுதல் நன்று. பாதம் கோணுமுன் காத்தலே, கோணியபின் திருத்தலினும் சிறந்ததன்றோ?