நாகூர் மினாரா நிழலில்

தஞ்சைச் சீமையிலே ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரண்டதோ இல்லையோ, குடும்பத்தோடு கிழக்கே கிளம்பி விடுவார்கள். காலையில் சிக்கலில் சிங்காரவேலவர் தரிசனம். மத்தியானம் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி. பொழுது சாய்கிற நேரத்தில் நாகூர் ஆண்டவர் சந்நிதியில் ஒரு பொட்டலம் சர்க்கரை. ‘இதில் எந்த சாமி உங்கள் சாமி?’ என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்!

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில், வெட்டாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது நாகூர். ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் ஐந்து மினாராக்கள் தெரியும். அவற்றுள் பெரியது 131 அடி உயரம். நிலத்தில் வருகிற நமக்கு அது ஓர் அழகு. கடலில் வருகிறவனுக்கோ அதுவே அடையாளம். ‘இதோ, கரை வந்துவிட்டது’ என்று தலைமுறை தலைமுறையாக மாலுமிகளுக்குச் சொல்லி வந்த கோபுரம் அது.

அந்தப் பெரிய மினாராவைக் கட்டியது யார் தெரியுமா? 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். பிள்ளை வரம் வேண்டிப் பிரார்த்தித்து, வரம் பலித்ததும் நன்றிக் கடனாக எழுப்பினார் என்பார்கள்.

ஓட்டையை அடைத்த கண்ணாடி

தர்காவில் அடங்கியிருக்கும் மகான் ஷாஹுல் ஹமீது. மீரான் சாகிபு, காதிர் வலி என்றும் சொல்வார்கள்; நாகூர்க்காரர்களுக்கு அவர் ‘எஜமான்’. வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் குருவிடம் பயின்று, பல தேசங்கள் சுற்றிவிட்டுப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். மணம் செய்துகொள்ளாதவர். மகனாக ஏற்றுக்கொண்ட யூசுபும் மருமகளும் அவருக்குப் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள்.

அவரைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளுக்குக் கணக்கில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் தீராத நோயில் படுத்தார். வைத்தியர்கள் கைவிட்டார்கள். மகான் வந்து பார்த்தார். அரண்மனை மாடத்திலே ஊசிகள் குத்தப்பட்டிருந்த ஒரு புறாவை எடுத்துவரச் செய்தார். ஒவ்வோர் ஊசியாக அவர் பிடுங்கப் பிடுங்க, அரசரின் நோயும் குறைந்துகொண்டே வந்ததாம். நாயக்கர் மனம் மகிழ்ந்து நிலம் வழங்கினார். இன்றைக்கும் வேண்டுதல்காரர்கள் தர்காவில் புறாவைப் பறக்கவிடுவது அந்த நினைவாகத்தான்.

இன்னொரு நாள் மகான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று நாவிதரின் கண்ணாடியைப் பிடுங்கி வீசி எறிந்தார். நாவிதருக்கு ஒன்றும் புரியவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு கப்பல்காரன் ஓடோடி வந்து காலில் விழுந்தான். நடுக்கடலில் அவன் கப்பலில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தபோது, எங்கிருந்தோ வந்த அந்தக் கண்ணாடி ஓட்டையை அடைத்துவிட்டதாம்!

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஓட்டைக் கப்பலில் கடல் கடந்தவன் அதை ஏன் நம்பினான் என்பது நமக்குப் புரிகிறதல்லவா? தர்காவில் காணிக்கையாக வைக்கும் தகடுகளைப் பாருங்கள். கை, கால், கண், வீடு, தொட்டில் இவற்றோடு கப்பலும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கவலை.

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் எஜமானையும் கூடவே அழைத்துச் சென்றார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்காவின் பெயராலேயே ஒரு தர்கா கட்டினார்கள். பினாங்கிலும் ஒன்று உண்டு. நாகூரில் சபராளியின் வீடு என்றால் சீமைக்குப் போனவரின் வீடு. காத்திருந்த பெண்கள் எத்தனை பேர், கடிதம் வராத மாதங்கள் எத்தனை என்பதெல்லாம் அந்த வீட்டுத் திண்ணைகளுக்குத்தான் தெரியும்.

பதினாலு நாள் திருவிழா

நாகூரைப் பார்க்கச் சிறந்த காலம் கந்தூரி. இஸ்லாமியப் பஞ்சாங்கத்தில் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினாலு நாள் நடக்கும். ஆகையால் நம் நாட்காட்டியில் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும். முதல் நாள் நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் புறப்படுகிறது. கொடி எதில் வருகிறது? கப்பல் உருவில் செய்த ரதத்தில்! ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறுகிறது. பிறகு சந்தனக்கூடு ஊர்வலமாக வந்து, விடியற்காலையில் சமாதியில் சந்தனம் பூசுகிறார்கள். பாகுபாடில்லாமல் எல்லோரும் கூட்டத்தில் நிற்கலாம்; மொட்டை அடித்துக்கொண்டு ஷிஃபா குண்டா குளத்தில் குளிக்கலாம்.

பசி வந்தால் கவலை வேண்டாம். ‘வாடா’ என்று ஒரு பலகாரம். அரிசி மாவில் தட்டி, மேலே இறாலை வைத்துப் பொரித்தெடுப்பது. ரவையும் நெய்யும் சீனியும் சேர்ந்த ‘தம்ரூட்’டை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு நடந்தால், கடற்கரை வரைக்கும் பேச்சு வராது!

காணாமற் போன கோபுரம்

நாகூரிலிருந்து நாகப்பட்டினம் நோக்கிப் போகிற யாத்ரிகர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நாகப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே இன்னொரு கோபுரமும் நின்றது. செங்கல்லால் ஆனது, நான்கு பக்கம், மூன்று நிலை. ‘புதுவெளி கோபுரம்’ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் அதைச் சீனப் பகோடா என்றார்கள். அதுவும் மாலுமிகளுக்கு அடையாளந்தான்.

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குச் சூடாமணி விகாரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காய்ச்சலோடு வந்த அருள்மொழிவர்மரைக் கல்கி தங்கவைத்தது அங்கேதான். கடாரத்து அரசர் இங்கே கட்டிய புத்த விகாரம் அது. அதற்காக ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயை 1006-இல் எழுதிக் கொடுத்தவர் ராஜராஜ சோழர். பெரிய கோயிலைக் கட்டிய சிவபக்தர், புத்தருக்கு ஒரு கிராமம் கொடுத்தார்! அந்தச் சாசனத்தைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்திலுள்ள லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் பெற்றன.

நாகப்பட்டினத்தில் கடைசி வரை நின்ற பௌத்தச் சின்னம் அந்தப் புதுவெளி கோபுரமே. போர்த்துக்கீசியரைப் பார்த்தது, 1658-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரரைப் பார்த்தது, 1781-இல் வந்த ஆங்கிலேயரையும் பார்த்தது. எந்தப் பீரங்கியாலும் விழவில்லை. ஆனால் 1867-இல், பாழடைந்து கிடக்கிறது என்று சொல்லி, அரசாங்கத்தின் அனுமதியோடு ஜெசூட் பாதிரிமார்கள் அதை இடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்க ஊரில் ஒரு புத்த பிக்ஷுவும் இல்லை. வேண்டிக்கொள்ள ஒரு பக்தனும் இல்லை.

அந்த மண்ணிலிருந்து 1856 முதல் கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அவற்றில் பலவற்றைக் காணலாம். சிலைகள் உண்டு; அவை இருந்த ஊரில் கோபுரம் இல்லை.

இப்போது மறுபடியும் நாகூர் மினாராவை அண்ணாந்து பாருங்கள். அரசர்கள் போனார்கள், மானியங்கள் போயின, மினாரா நிற்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று வீடிழந்து ஓடிவந்தவர்களுக்குத் தர்கா அடைக்கலம் தந்தது. எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை. இது தங்களுடையது என்று சொல்ல இத்தனை வீடுகள் இருக்கும்போது, பாழடைந்தது என்று இதை இடிக்க யாருக்குக் கை வரும்?

ஆகவே அடுத்த முறை நாகூருக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். வடக்கே போனால் வாஞ்சூரில் மகான் தவமிருந்த இடம். அதற்கப்பால் காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர். இன்னும் வடக்கே தரங்கம்பாடியில் 1620-இல் டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டை. தெற்கே வந்தால் நாகப்பட்டினத்தில் நீலாயதாக்ஷி கோயிலும் சௌந்தரராஜப் பெருமாளும். குழந்தைகளை அழைத்துப் போங்கள். நிற்கிற கோபுரத்தைக் காட்டுங்கள். நாகை எல்லையை நெருங்கும்போது, ‘இங்கேயும் ஒன்று நின்றது’ என்று அதையும் சொல்லிவிடுங்கள்.