வரத்தான்

நாயொன்று இறந்ததற்காக ஒருவன் பேனா எடுப்பதா என்று நகைப்போர் உளர். அவர்களை நான் குறைகூற மாட்டேன். நமது மொழியிலே 'நாய்' என்னும் சொல் வசைமொழியாக வழங்குமளவுக்கு வேறெந்த விலங்கின் பெயரும் வழங்குவதில்லை. இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விழைந்த மணிவாசகப் பெருமானும் தம்மை நாயினும் கடையராகவே கூறிக்கொண்டார். ஆயினும், அதே நாயை வைரவக் கடவுளின் ஊர்தியாக வைத்துக் கும்பிடுகின்றவர்களும் நாமேதான். இவ்விரு எண்ணங்களையும் ஒருங்கே வளர்த்த யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்தவன் நான். ஆதலின், வாசகர்கள் நகைத்தாலும் நகைக்கட்டும் என்றே இதனை எழுதத் துணிந்தேன்.

2024 ஆம் ஆண்டு தை மாதத்திலே, ஒரு விடியற்காலையில், எங்கள் வீட்டு வரத்தான் இறந்தான். 'இறந்தது' என்று எழுதுவதே இலக்கணம். முப்பதாண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்த எனக்கு அது தெரியாததன்று. ஆயின், உவப்பினாலே திணை மயங்கினும் அது வழுவாகாது என்று நன்னூலார் இடந்தந்திருக்கின்றார். அந்தச் சூத்திரத்தை எத்தனையோ வகுப்புக்களில் விளக்கியிருக்கிறேன். அதனை என் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்வது இதுவே முதன்முறை.

அவன் எங்களிடம் வந்தது 2011 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே. பாடசாலை விட்டு, மழையிலே நனைந்தபடி சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். மதகடியை அண்மியபோது வெள்ளவாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டுப் போன நாய்க்குட்டி; நாலைந்து மாதந்தான் இருக்கும். பின்னங்கால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிறளவுக்கு ஏறியிருந்தது. இறங்கித் தூக்கினேன். தூக்கிய கையை அது ஆழமாகக் கடித்தது.

"நன்றிகெட்ட சாதி, மாஸ்டர். அதிலேயே விட்டிட்டு வாங்கோ," என்றார் அவ்வழியே போன ஒருவர். விலங்கின் வேதனை யார் கையென்று பார்ப்பதில்லை என்பதை அப்பொழுது அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கிணற்றடியிலே சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவினேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடிக்கான ஊசியையும் போட்டுக்கொண்டேன். இரக்கம் வேறு, அறிவீனம் வேறு. தெருநாய்க்கு இரங்குவோர் இந்த இரண்டையும் பிரித்தறிந்திருத்தல் வேண்டும். விசர்நோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை. காணுமுன் தடுக்க வழியுண்டு. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885 ஆம் ஆண்டிலே ஒரு சிறுவனுக்கு முதன்முதல் அம்மருந்தை ஏற்றிய நாளிலிருந்து அவ்வழி மனிதருக்குத் திறந்தே இருக்கின்றது.

என் மனைவி குட்டியைப் பார்த்தாள். என் கைக்கட்டையும் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, வந்தான் வரத்தான் எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்தா இந்த வீடு தாங்காது," என்றாள். பிறகு குசினிக்குள் போய், பழைய சாக்கொன்றையும் கொஞ்சம் சோற்றுக் கஞ்சியையும் எடுத்துவந்து விறாந்தை மூலையில் வைத்தாள். அவள் சினத்திற் சொன்ன அந்தச் சொல்லே அவனுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நமது ஊரிலே வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனை இழித்துரைக்கும் சொல் அது. ஒரு காலத்திலே நாங்களும் வேறோரூரில் வரத்தார்களாக இருந்தவர்கள் என்பதனால் அச்சொல் எங்கள் வாயிலே கசக்கவில்லை.

மிருக வைத்தியர் காலைப் பார்த்துவிட்டு, உயிர் தப்பும், கால் தப்பாது என்றார். அவ்வாறே ஆயிற்று. மூன்று காலாலே நடக்கவும், பின்னர் ஓடவும் வரத்தான் தானே பழகிக்கொண்டான். படலைக்கு உட்புறத்திலே பூவரச மர நிழலில் அவனுக்கென்று ஓரிடம் இருந்தது. மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் செருப்புக்களுக்கு அவனே காவல். மீன்காரர் தெருமுனையிலே ஹோர்ன் அடிக்குமுன்னரே அவன் எழுந்து நிற்பான். வீட்டிலுள்ளவர் எல்லாரும் வந்து சேரும்வரை படலையை விட்டு நகரமாட்டான். கடைசி ஆள் வந்ததும், ஒரு கணக்கை முடித்தவனைப்போல விறாந்தைக்கு வந்து படுத்துக்கொள்வான். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளேனும் நான் அவனைக் கட்டிவைக்கவில்லை. "காவல்நாயைக் கட்டி வளர்க்க வேண்டாமோ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மூன்று காலுள்ளவன் எங்கே ஓடப்போகிறான் என்று மறுமொழி கூறிவந்தேன். அஃது உண்மையான மறுமொழியன்று.

உண்மையைச் சொல்வதற்கு 1995 ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

அவ்வாண்டு ஐப்பசியிலே, ஒக்டோபர் 30 ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் உடனே வெளியேறவேண்டும் என்ற அறிவித்தல் ஒலிபெருக்கியிலே ஊரூராகக் கேட்டது. அந்த இரவை இங்கே நான் விரித்துரைக்கப் போவதில்லை. நடந்தவர்கள் மறக்கவில்லை, நடவாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. இலட்சக்கணக்கானோர் மழையிலும் இருளிலும் தென்மராட்சியை நோக்கி அடியடியாக நகர்ந்த இரவு அது. எங்களிடம் அப்போது சிங்கன் என்றொரு நாய் இருந்தது. செம்மஞ்சள் நிறம்; ஏழு வயது. என் மூத்த மகளுக்கு அப்பொழுது வயது ஒன்பது. அவளும் சிங்கனும் ஒரு முற்றத்திலே தவழ்ந்து வளர்ந்தவர்கள்.

சைக்கிளிலே இரண்டு பைகளையும் கைக்குழந்தையையும் ஏற்றினோம். சிங்கன் பின்னே வந்தால் சனநெரிசலில் மிதிபட்டு இறந்துவிடும். இரண்டு மூன்று நாளிலே எப்படியும் திரும்பிவிடலாம். இவ்வாறு எண்ணிச் சிங்கனைக் கிணற்றடித் தென்னையிலே கட்டினேன். சட்டி நிறையச் சோறும் வாளியிலே தண்ணீரும் வைத்தேன். அது குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்து நின்றது.

நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், காலெடுத்து வைக்க இடமின்றி நின்றுகொண்டிருந்த வேளையிலே மகள் கேட்டாள்: "அப்பா, சிங்கனை அவிட்டு விட்டிட்டுத்தானே வந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

இரண்டு மூன்று நாள் ஆறு மாதங்களாயிற்று. கொடிகாமத்திலே உறவினர் வீட்டு மாட்டுக் கொட்டிலொன்றிலே வரத்தார்களாக இருந்தோம். 1996 ஆம் ஆண்டு வைகாசியிலே ஊர் திரும்பினோம். கூரை பாதி போயிருந்தது. கிணற்றடியிலே புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. தென்னையிலே கயிறு இருந்தது. ஒரு முழத்துக்கு அப்பால் அது கடித்து அறுக்கப்பட்டிருந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. சிங்கன் அதன்பின் வரவேயில்லை. எத்தனை நாள் கழித்து அந்தக் கயிற்றை அறுத்தது, அறுத்துக்கொண்டு எத்திசையிலே போயிற்று, எங்களைத் தேடிப் போயிற்றா என்பதொன்றும் எனக்குத் தெரியாது. கயிற்றை அவிழ்த்து மடிக்குள் மறைத்துக்கொண்டுபோய் ஒல்லிக்குள் எறிந்துவிட்டேன்.

நாலடியாரிலே நட்பைப்பற்றிய பாடலொன்று உண்டு. யானை போல்வாருடைய நட்பை விலக்கி, நாய் போல்வாருடைய நட்பைக் கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. யானை பல நாள் பழகிய பாகனையே கொல்லுமாம். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்குமாம். அதை வகுப்பிலே நடத்தும்போதெல்லாம் நாயின் நன்றியையே விதந்து பேசிவந்தேன். 1996 க்குப் பிறகு அப்பாட்டை நடத்தும்போது என் நாக்கு ஓரிடத்திலே தடுக்கிற்று. அந்த வேலை எறிந்தவன் ஒருவன் இருக்கின்றானே! அவனைப்பற்றிப் பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவன் யாரென்பதை நான் அறிந்திருந்தேன்.

மாபாரதத்தின் பதினேழாவது பருவத்திலே, இமயத்தின் உச்சியில் தேருடன் வந்து அழைத்த இந்திரனிடம், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று தருமன் மறுக்கின்றான். தம்பியரும் மனைவியும் வீழ்ந்தபோதும் திரும்பிப் பாராதவன், நாய்க்காக நின்றான். அந்தக் கதையைச் சொல்லாத தமிழாசிரியர் இல்லை. எனக்கு வந்தது தேரன்று, பழைய சைக்கிள். அதிலும் நாய்க்கு இடமில்லை என்று நான் தீர்மானித்தேன். அந்த இரவிலே வேறென்ன செய்திருக்க முடியும் என்று நண்பர்கள் ஆறுதல் கூறுவர். கட்டாமல் விட்டிருக்க முடியும்.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் எங்கள் வளவிலே நாய் இருக்கவில்லை. கார்த்திகை மழையிலே கேட்ட முனகலுக்கு நான் இறங்கியது இரக்கத்தினால் மட்டுமன்று என்பதை வாசகர்கள் இப்போது உணர்வர்.

ஜேர்மனியிலே பொன் நகரத்துக்கு அருகே ஒபர்காசெல் என்னுமிடத்தில், 1914 ஆம் ஆண்டு கல்லுடைத்தோர் ஒரு பழங்குழியைக் கண்டனர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாயும் அதிலே ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தனர். ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முந்திய குழி அது. அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது குட்டிப் பருவத்திலே கொடிய நோயினால் வருந்தியதென்றும், மனிதர் பேணியிராவிடின் அத்தனை நாள் பிழைத்திராதென்றும் 2018 ஆம் ஆண்டில் எழுதினர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியை, பயிர்செய்யவும் அறியாத அம்மனிதர் வைத்துப் பார்த்திருக்கின்றனர். இச்செய்தியைப் படித்த அன்று, வரத்தானின் தலையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

மார்கழியிலே அவன் சாப்பாட்டைக் குறைத்தான். தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தான். சிறுநீரகம் பழுதுற்றதென்று வைத்தியர் கூறினார். வயது பன்னிரண்டைக் கடந்தவனுக்கு இனிச் செய்யக்கூடியது வலியைக் குறைப்பதுதான் என்றும் சொன்னார். கடைசி மூன்று இரவுகள் விறாந்தையிலே பாயைப் போட்டு அவன் பக்கத்திலே படுத்தேன். வரத்தானைத் திட்டி வரவேற்ற என் மனைவி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் வாயிலே பிழிந்துகொண்டிருந்தாள். கடைசி விடியலில் ஒருமுறை தலையைத் தூக்கிப் படலைப் பக்கம் பார்த்தான். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். பூவரசின் கீழே அவனைப் புதைத்தோம்.

அன்றிரவு கனடாவிலிருந்து மகள் பேசினாள். அவளுக்கும் இப்போது ஒன்பது வயதிலே ஒரு பிள்ளை உண்டு. வரத்தானைப்பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவன், என்னையறியாமலே சிங்கனைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாலத்தடியிலே அவளுக்குச் சொன்னது பொய் என்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னேன்.

சிறிது நேரம் மறுபக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னர், "எனக்குத் தெரியும் அப்பா. திரும்பி வந்த அண்டைக்கே அந்தக் கயிற்றை நானும் கண்டனான். நீங்கள் எடுத்து ஒளிச்சதையும் கண்டனான்," என்றாள்.

என்னாற் பேச முடியவில்லை.

"வரத்தானைக் கட்டினனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஒருநாளும் இல்லைப் பிள்ளை."

"அது காணும் அப்பா," என்றாள்.

காணுமோ காணாதோ நானறியேன். ஒருவனிடம் பட்ட கடனை இன்னொருவனிடம் தீர்த்துவிட முடியாது. ஆயின், தீராத கடன் இருக்கிறதென்று மற்றொருவனையும் வாய்க்காலுக்குள் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நாலடியாரின் அந்தப் பாட்டை இன்று வகுப்பிலே நடத்தும் இளம் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாயின் நன்றியைச் சொல்லி முடித்தபின், வேல் எறிந்தவனைப்பற்றியும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.